பொன்சாய் மரத்துக்கு மண் கூட்டுதல்

கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களிலே நடந்து செல்பவர், தலைமுறைகள் கண்ட வீடுகளின் கைப்பிடிச் சுவர்களிலும், மழைநீர்க் குழாய்களின் மூட்டுகளிலும், சாந்து உதிர்ந்த விரிசல்களிலும் அரசங்கன்றும் ஆலங்கன்றும் வேரூன்றி, பருத்த அடியும் சிறுத்த இலையுமாய், யாரும் நீர் வார்க்காமலே ஆண்டுக்கணக்கில் தழைத்து நிற்பதைக் கண்டிருப்பார். காகமும் வௌவாலும் பழத்தைத் தின்று எச்சத்தோடு இட்ட விதையிலிருந்து எழுந்தவை அவை. வீட்டுக்காரர் ஆத்திரத்தோடு வெட்டியெறிந்தாலும் அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்ப்பவை. அதே சாதி மரத்தின் கன்றொன்றை விலை கொடுத்து வாங்கி, அழகிய தட்டைச் சாடியிலே கறுத்த மண்ணும் உக்கிய சாணமும் நிறைத்து நட்டு, காலையும் மாலையும் தவறாது நீர்விட்டுப் போஷிக்கும் அன்பரோ, ஒரு மழைக்காலம் கழிவதற்குள் இலை மஞ்சளித்து, அடி கறுத்து, மரம் மடிந்துபோவதைப் பார்த்து, தம்முடையது ராசியில்லாத கை என்று நொந்துகொள்கிறார். ராசியின்மீது பழிபோடுவதற்கு முன்னர், சுவரிலே முளைத்த கன்றுக்குக் கிடைத்தது என்ன, சாடியிலே நட்ட கன்றுக்குக் கிடையாது போனது என்ன என்று விசாரித்துப் பார்ப்பது நன்று.

கிடையாது போனது காற்று. இலையைப் போலவே வேரும் சுவாசிப்பது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளிலே பிராணவாயு உலாவினாலன்றி, வேர் நீரையும் உப்புச் சத்துக்களையும் உள்ளிழுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அச்சந்துகள் யாவும் நாட்கணக்காக நீரால் அடைபட்டுக் கிடக்குமாயின், பித்தியம் முதலிய அழுகல் நோய்க் கிருமிகள் பெருகி, மயிர் போன்ற நுனிவேர்களை முதலிற் பற்றி, பின்னர்ப் பருவேர்களையும் கெடுத்துவிடுகின்றன. இதிலே ஒரு விபரீதமும் உண்டு: வேரழுகிய மரம், நீர் காணாத மரத்தைப் போலவே வாடி நிற்கும்; வாட்டத்தைக் கண்டு மனம் இளகியவர் இன்னும் ஒரு செம்பு நீரை ஊற்றுவார். சுவர் விரிசலிலே வேர்விட்ட கன்றுக்குப் போஷணை குறைவுதான்; ஆயினும் பெய்த மழை சிறிது நேரத்திலே வழிந்தோடிவிடுவதால், அதன் வேரைச் சுற்றிக் காற்று எப்போதும் நிற்கிறது. ஆகவே பொன்சாய்க்கு மண் கூட்டுவதென்பது, தண்ணீர் வந்து நனைத்துவிட்டுப் போவதற்கும், போன வழியாலே காற்று உட்புகுவதற்கும் வேண்டிய இடைவெளிகளை அமைக்கும் வித்தை என்று கொள்ளல் வேண்டும். உரத்தைப் பற்றிய யோசனை அதற்குப் பின்னர் வருவது.

தோட்டத்திலே அருமையாக மரம் வளர்க்கும் மண், சாடியிலே ஏன் சேறாகிறது என்று பலரும் கேட்பதுண்டு. நிலத்திலே பெய்த நீர், கீழே இன்னும் மண் இருப்பதால், மேலும் மேலும் இறங்கிச் செல்கிறது. சாடியிலோ அடித்தட்டு வந்ததும் மண் முடிந்துவிடுகிறது. அவ்விடத்திலே, துகள்களின் நுண்ணிய சந்துகள் நீரைப் பற்றிப் பிடிக்கும் சக்தி, அதைக் கீழே இழுக்கும் பூமியின் ஆகர்ஷணத்துக்கு ஈடுகொடுக்கும் உயரம் வரைக்கும், ஈரம் சொட்டாமல் தேங்கி நிற்கிறது. துவாரத்தை எத்தனை பெரிதாக்கினாலும் இந்தத் தேக்கம் நீங்குவதில்லை. பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்ச் ஒன்றை நீரிலே தோய்த்து உள்ளங்கையிலே படுக்கையாக வைத்துப் பாருங்கள். சிறிது நேரத்திலே சொட்டுவது நின்றுவிடும். அதையே நெட்டாக நிமிர்த்திப் பிடித்தால், நின்றுபோன நீர் மறுபடியும் சொட்டத் தொடங்கும். நிமிர்ந்த ஸ்பொஞ்ச் உயரமான பூச்சாடி. படுத்த ஸ்பொஞ்ச் பொன்சாய்த் தட்டு. தேங்கும் நீரின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமனேயன்றிச் சாடியின் ஆழம் அன்று என்பதால், இரண்டங்குல ஆழமுள்ள தட்டிலே நுண்மண்ணை நிறைப்பவர், அடி முதல் மேல்மட்டம் வரை சேற்றையே நிறைத்தவராகிறார். அடியிலே கல்லைப் பரப்பி, மேலே நுண்மண்ணை இட்டால் நீர் வடிந்துவிடும் என்று காலங்காலமாகச் சொல்லிவரும் உபதேசமும் இங்கே செல்லாது. தேக்கம் கல்லுக்கு மேலே அப்படியே எழுந்து நிற்கும், கல் அடைத்துக்கொண்ட இடம் வேருக்கு நஷ்டம்.

இக்கலையைச் சீனரிடமிருந்து பெற்றுத் தமக்கே உரியதாக வளர்த்துக்கொண்ட ஜப்பானியர், மண் விஷயத்திலே பாக்கியசாலிகள். 1923ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திலே டோக்கியோ நகரம் சிதைந்தபின், அங்கே பொன்சாய் வளர்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்தோர் சிலர், நல்ல நீரும் காற்றும் விசாலமான நிலமும் நாடி ஓமியா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்து, 1925இல் அங்கே ஒரு பொன்சாய்க் கிராமத்தையே நிறுவினர். அவ்வூர் அமைந்த கன்தோ சமவெளியின் மண், புஜி முதலான எரிமலைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக உமிழ்ந்த சாம்பல் படிந்து உண்டானது. அதிலிருந்து தோண்டியெடுத்து, உலர்த்தி, சலித்து விற்கும் அக்கதாமா என்னும் மணிமண், துகளுக்குள்ளே நீரையும் துகள்களுக்கு இடையே காற்றையும் ஒருங்கே வைத்திருக்கும் விசேஷம் வாய்ந்தது. அதனோடு நுரைக்கல்லும் எரிமலைக்கல்லும் கலப்பதே இன்று உலகெங்கும் பொன்சாய்ப் புத்தகங்கள் கூறும் முறை. புத்தகத்தைப் படித்துவிட்டு, அக்கதாமா எங்கே கிடைக்கும் என்று கொழும்பிலே கடை கடையாக விசாரிப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, அந்த ஏக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதே.

காரணம் இரண்டு. முதலாவது, நம்முடைய தீவிலே எரிமலை இல்லை. பத்தில் ஒன்பது பங்கு நிலம், ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடைய இறுகிய பாறை, வடக்கும் வடமேற்கும் சுண்ணாம்புக்கல். பிற நாட்டு மண்ணை வருவிக்கலாமே எனின், 1869இல் கோப்பி இலையிலே தோன்றிய செம்மஞ்சட் பூஞ்சண நோய், இரண்டு தசாப்தங்களுக்குள் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்து, மலைநாட்டைத் தேயிலையிடம் ஒப்படைத்த சரித்திரத்தை நினைத்துக்கொள்ளல் வேண்டும். அத்தகைய அடி பட்ட நாட்டின் தாவரத் தொற்றுக்காப்பு அதிகாரிகள் வெளிநாட்டு மண் என்றதுமே முகம் சுளிப்பது முற்றிலும் நியாயம். இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. டோக்கியோவிலே ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர். கொழும்பிலே ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர். அங்கே மரங்கள் இலையுதிர்த்து உறங்கும் பனிக்காலம் உண்டு. இங்கே வருஷம் முழுவதும் 27 பாகை செல்சியஸ் அளவான வெப்பம், மரமும் உறங்குவதில்லை, மண்ணிலுள்ள கிருமிகளும் உறங்குவதில்லை. அக்கதாமா இயற்கையிலேயே மெல்லியது. சில ஆண்டுகளில் உதிர்ந்து நுண்மண்ணாவது. சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் கொட்டும் நம்முடைய மழையிலே அது இன்னும் விரைவாகவே கரையும். விலை உயர்ந்த சேறும் சேறுதான்.

எரிமலை இல்லாவிடினும் நமக்குச் சூளை உண்டு. தங்கொட்டுவை, வைக்கால் பக்கங்களிலே மா ஓயாவை அண்டிய களிமண்ணைக் கொண்டு ஓடும் செங்கல்லும் சுடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவருவதை யாவரும் அறிவர். களிமண்ணைச் சுடும்போது, ஏறத்தாழ 500 முதல் 600 பாகை வரையிலான வெப்பத்திலே, அதன் அணுக்கூட்டோடு பிணைந்திருந்த நீர் வெளியேறி, மண்ணின் சுபாவமே மாறிவிடுகிறது. அதன்பின் எத்தனை காலம் நனைந்தாலும் அது மறுபடியும் களியாகாது. நீர் வெளியேறிய வழிகளும் களியோடு கலந்திருந்த சருகும் தும்பும் எரிந்த இடங்களும் நுண்துளைகளாக நின்றுவிடுவதால், நன்கு வெந்த ஓட்டுத் துண்டு தன்னுள்ளே நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேருக்கு ஈந்துகொண்டிருக்கும். துகளுக்குள்ளே நீர், துகள்களுக்கு இடையே காற்று என்று அக்கதாமாவைப் புகழ்ந்த அதே வாசகம் ஓட்டுத் துண்டுக்கும் பொருந்துகிறது. மழையிலே கரையாமை அதற்கு மேலதிகமான குணம். பொன்சாய்க்கு உகந்த பொருள்களிலே நம்மூரில் இதற்கு இணையானதை நான் அறியேன்.

ஆனாலும் எல்லாச் செங்கல்லும் ஒன்றல்ல. சூளையின் ஓரத்திலே சூடு எட்டாமற் கிடந்தது அரைவேக்காடு. நடுவிலே சூடு மிகுந்து கண்ணாடிபோல் உருகிப் பளபளப்பேறியது நீரை உறிஞ்சாது. சோதிக்கும் முறை எளிது. துண்டின் மீது ஒரு துளி நீரை விட்டால், துளி நிற்காமல் உடனே உட்புகுந்து ஈரத்தழும்பு மட்டும் எஞ்சல் வேண்டும். அதே துண்டை ஓரிரவு நீரிலே ஊறவைத்து, காலையிலே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்தித் தேய்த்தால், விரலிலே செஞ்சேறு ஒட்டலாகாது. இவ்விரண்டிலும் தேறியதை ஏற்றுக்கொள்ளலாம். சுண்ணாம்புச் சாந்தோ சீமெந்தோ ஒட்டியிருக்கும் துண்டுகளை இரக்கமின்றித் தள்ளிவிடுங்கள். அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் கெடுத்து, மரம் இரும்புச் சத்தை உறிஞ்ச முடியாதபடி செய்ய, இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாய் மற்ற இடமெல்லாம் வெளிறிப்போகும். கூரையிலே உள்ளதெல்லாம் ஓடு என்று எண்ணி, சாம்பல் நிற அஸ்பெஸ்டஸ் தகட்டை உடைக்கத் துணிபவர் எவரேனும் இருப்பின், அவருக்குச் சொல்ல வேண்டியது: அதைத் தொடவே வேண்டாம், அதன் தூசு சுவாசப்பையிலே புற்றுநோயை விளைவிப்பது.

உடைப்பதற்கு முன்னர் ஓட்டை நன்றாக நனைத்து, சாக்கினுள்ளே போட்டு, சாக்கின் வாயை மடித்துச் சுத்தியலால் தட்டுதல் வேண்டும். நனைக்காமல் உடைத்தால் எழும் செந்தூசு நெஞ்சுக்குக் கேடு. தொடர்மாடியிலே வசிப்பவருக்கு, அயல்வீட்டாரின் உலர்த்திய வேட்டி சேலைகளுக்கும் அது கேடு. உடைத்தது காய்ந்தபின் சலித்தல். கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை ஒன்றும், ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் கண்ணுள்ளது ஒன்றுமாக, பழைய சோனகத் தெருவின் இரும்புக் கடைகளிலே ஒவ்வொரு முழம் வாங்கிப் பலகைச் சட்டத்திலே அறைந்துகொண்டால், ஆயுள் முழுவதற்கும் அரிதட்டுப் பிரச்சினை தீர்ந்தது. பெரிய கண்ணிலே நிற்பது மறுபடியும் சாக்குக்குப் போகும். பெரிய கண்ணால் விழுந்து சிறிய கண்ணிலே நிற்பதுதான் நமக்கு வேண்டிய சரக்கு. சிறிய கண்ணாலும் விழும் மாவை, எத்தனை ஆசையாக இருந்தாலும், சாடிக்குள் சேர்க்கலாகாது. பெரிய துகள்களின் சந்துகளிலே சென்று அடைத்துக்கொள்வது அந்த மாவேயாதலால், சலிப்பதற்குச் செலவிட்ட உழைப்பு முழுவதையும் ஒரு பிடி மா வீணாக்கிவிடும். அதை வெற்று நிலத்திலே கொட்டலாம்; குளியலறைக் குழாய் வழியே கழுவிவிட்டவர் குழாய் திருத்துபவரை அழைக்க நேரிடும். சலித்தெடுத்ததை வாளியிலிட்டு, கலங்கிய நீர் தெளியும்வரை கழுவி உலர்த்திவிட்டால் வேலை முடிந்தது. ஒரு சாக்கு ஓடு உடைத்தால் தேறுவது பாதிக்கும் குறைவாகவே இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

கல் வகைகளிலே, மேல் மாகாணத்தவர் சுவர் கட்டப் பயன்படுத்தும் கபொக் கல்லை அடுத்துச் சொல்லல் வேண்டும். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்கொட்லாந்து வைத்திய அதிகாரி மலையாள தேசத்திலே அங்காடிப்புறத்தில் கண்டு, 1807இல் வெளியிட்ட தம் பிரயாண நூலிலே லற்றரைற் என்று பெயரிட்டு எழுதிய செம்பூறாங்கல்லின் இனத்தது இது. தோண்டும்போது கத்தியால் வெட்டக்கூடிய மென்மையோடு வெளிவந்து, காற்றுப்பட்டு உலர உலர இறுகுவது. அதன் கட்டியான பகுதிகளை உடைத்துச் சலித்தால் நல்ல சரளை கிடைக்கும். ஆனால் அதிலுள்ள இரும்பு, நாம் இடும் பொசுபரசுச் சத்தைப் பற்றிக்கொண்டு வேருக்கு எளிதில் விடாது. ஆகையால் மொத்தக் கலவையிலே காற்பங்குக்கு மேற்படாமற் சேர்ப்பதே புத்தி. கருங்கற் சல்லியோ நீரைச் சிறிதும் உறிஞ்சாதது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாலே புதுக்கி எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் சிறப்பாகிற அந்தக் குணம், சாடிக்கு அரைச் சிறப்பே. உயரமாய் வளர்ந்து காற்றிலே சாயும் மரத்தின் அடிக்குப் பாரம் கொடுக்க அது உதவும். ஆற்று மணல் பெரும்பாலும் நமக்கு வேண்டியதை விட நுண்ணியது. வெள்ளவத்தைக் கரையிலே அள்ளும் கடல்மணலிலே உப்பும் சிப்பியும், முருகைக்கல்லிலே சுண்ணாம்பும் இருப்பதால், அருகிலே இலவசமாகக் கிடக்கின்றனவே என்று அவற்றை நாடலாகாது.

இனி, ஈரத்தையும் சத்தையும் பற்றிவைக்கும் சேதனப் பொருள்கள். இலங்கை உலகுக்கே ஏற்றுமதி செய்யும் தும்புத்தூள் இதற்கு வாய்ப்பானது. ஆயினும் மட்டையை உவர்நீரிலே ஊறவைத்துப் பெற்ற தூளிலே உப்பு எஞ்சியிருக்குமாதலால், வாளியிலிட்டு நீரை மூன்று நான்கு முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் பிழிந்தெடுத்த பின்னரே சேர்த்தல் வேண்டும். நுண்தூளை விட, சிறு சிறு கட்டிகளாக வெட்டி விற்கும் தும்புத் துண்டு மேலானது. அது காற்றுக்கு வழிவிடும். உமிக்கரியும் சிரட்டைக்கரியும் இலேசானவை, துளைகள் நிறைந்தவை, எளிதில் உக்காதவை. உமியைத் தாமே கரியாக்குபவர், முழுவதும் கறுத்ததும் நீர் தெளித்துக் கிளறி அணைத்துவிடல் வேண்டும். வெளுத்துச் சாம்பலாகும்வரை விட்டால் காரம் மிகுந்து, சேர்த்த மண்ணின் தன்மையே மாறிப்போகும். உக்கிய எருவைப் பற்றி எனக்கு அதிக உற்சாகம் இல்லை. இந்த வெப்பத்திலே அது சில மாதங்களிற் கரைந்து இறங்கிச் சந்துகளை அடைத்துவிடுவது. இலைச்சத்து வேண்டுமாயின், பாதி உக்கிய, இன்னும் இலையின் உருவம் மாறாத சருகையே கிள்ளிப் போடலாம்.

வெள்ளவத்தையிலே இதைப் படிப்பவர்களுள் பலருக்கு இன்னொரு மண்ணின் ஞாபகம் இந்நேரம் வந்திருக்கும். உரும்பிராய், சுன்னாகம் பக்கத்துச் செம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைவதைப் பார்த்து வளர்ந்தவர், ஊருக்குப் போய்வரும்போது ஒரு பையிலே அந்த மண்ணைக் கட்டிக்கொண்டு வருவதுண்டு. அடியிலே சுண்ணாம்புக்கல் இருக்க, அதன்மேல் ஆழமாய்க் கிடந்து நீரை வடியவிடும் அம்மண்ணின் மகிமை, அது கிடக்கும் நிலத்தோடு சேர்ந்தது. பையிலே வந்து தட்டிலே அமர்ந்ததும், மேலிருந்து விழும் நீரால் மணிகள் சிதைந்து, உலரும்போது வெடித்து, நனையும்போது ஒட்டும். மனசு கேளாதவர், கலவையிலே பத்தில் ஒரு பங்கு சேர்த்துத் திருப்தியடையலாம். மரம் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

கலக்கும் விகிதத்தைப் பற்றி எவரும் கல்லிலே எழுதிவைத்த விதியாகப் பேசுவாராயின், அவர் வீட்டிலே மழை எப்படி விழுகிறது என்று முதலிற் கேளுங்கள். வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே எழுந்த தொடர்மாடிகளின் பல்கனிகளிலே, மேல்மாடித் தளமே கூரையாய் நிற்பதால் மழை அதிகம் படுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றோ கடலிலிருந்து தடையின்றி வந்து, இலையையும் மண்ணையும் சில மணி நேரத்துக்குள் உலர்த்திவிடும். அங்கே ஓட்டுச் சல்லி மூன்று சுண்டு, கழுவிய தும்பு இரண்டு சுண்டு, கரி ஒரு சுண்டு என்ற கணக்கு ஏற்றது. காற்றிலே வந்து படியும் உப்பைக் கரைக்க, வாரத்துக்கு ஒருமுறையாவது இலை நனையக் குளிப்பாட்டி, அடித்துவாரத்தால் நீர் தாராளமாக வெளியேறும்வரை ஊற்றுதலும் அவசியம். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலே, நான்கு பக்கமும் சுவர் எழுந்த முற்றத்திலே வானம் பார்த்து வைத்த சாடிக்கு, மழை முழுவதும் விழும், காற்று குறைவு, வெயில் உச்சிவேளையிலே சிறிது நேரம்தான். அங்கே சல்லி ஐந்து சுண்டு, கரி ஒரு சுண்டு, தும்பு ஒரு சுண்டுக்கு மேல் போகலாகாது. ஒரே நகரத்திலே, சில மைல் தூரத்துக்குள், ஒருவருடைய கலவை மற்றவருடைய மரத்தைக் கொன்றுவிடக்கூடும்.

கலவை சரிதானா என்று அறிவதற்கு மரத்தைப் பலியிட்டுப் பார்க்கத் தேவையில்லை. அடியிலே சிறு துவாரமிட்ட ஒரு லீற்றர் கொள்ளும் பாத்திரத்தின் துவாரத்தை ஒட்டுப்பட்டியால் அடைத்து, முதல்நாளே ஊறவைத்து வடித்த கலவையால் அதை நிரப்பி, மேல்மட்டத்திலே நீர் பளபளக்கும்வரை மெல்ல நீர் வாருங்கள். பின்னர் ஒட்டுப்பட்டியை நீக்கி, வடியும் நீரை ஒரு கோப்பையிலே பிடித்து அளவுங்கள். வடிந்த நீர் எவ்வளவோ, அவ்வளவு காற்று இப்போது உள்ளே புகுந்திருக்கிறது என்பது பொருள். ஒரு லீற்றருக்கு 200 மில்லிலீற்றருக்குக் குறைவாக வடிந்தால் இன்னும் சல்லி சேர்க்க வேண்டும். 250 முதல் 300 வரை வடியுமாயின் நம்முடைய மழைக்கு அது போதும். பத்து நிமிஷச் சோதனை இது. பொன்சாய்ப் புத்தகங்கள் பலவற்றை விட நம்பத்தக்கது.

மரத்துக்கு மரம் சிறிது வேறுபாடு உண்டு. ஆல், அரசு, இச்சி ஆகியன எதையும் தாங்கும். புளியும் போகன்விலாவும் வேர் உலர்ந்து நனைவதை விரும்புவன, அவற்றுக்குத் தும்பைப் பாதியாகக் குறைக்கலாம். பிராய் சற்று அதிக ஈரம் பொறுக்கும். எந்த மரமாயினும், சுட்ட மண்ணிலே சத்து மிகக் குறைவு என்பதை மறக்கலாகாது. வளமான மண்ணை ஒதுக்கிவிட்டு வெற்றுச் சல்லியிலே மரத்தை நட்டவர், அதற்கு உணவூட்டும் கடமையைத் தாமே ஏற்றுக்கொண்டவராகிறார். இரண்டு மூன்று நாள் ஊறிப் புளித்த கடலைப் புண்ணாக்கின் தெளிநீரை நன்றாகத் தண்ணீர் சேர்த்து, இரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விடுதல் போதுமானது. ஒரே தடவையிலே தாராளம் காட்டினால் வேர் கருகும்.

சாடியின் கீழே நீரேந்தும் தட்டு வைக்கும் வழக்கத்தை இந்நகரத்திலே அடியோடு விட்டுவிடுதல் நன்று. நன்கு வடியும் கலவைக்கு நீரேந்தி நிற்கும் தட்டு விரோதி. அதைவிட, டெங்கு நுளம்பு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த தேக்கநீரிலேதான், முட்டை நுளம்பாகப் பறப்பதற்கு ஏறத்தாழ ஒரு வாரமோ பத்து நாளோ போதும். நுளம்பு பெருக இடங்கொடுத்த வீட்டார்மீது வழக்குத் தொடரச் சட்டமும் உண்டு. தரைக்கு நீர் படலாகாது என்பவர், சாடியை மரச்சட்டத்தின்மேல் உயர்த்தி வைத்து, வடிந்ததை அன்றன்றே துடைத்துவிடலாம். அடித்துவாரத்தை நுளம்பு வலைத்துண்டால் மூடினால் சல்லியும் ஒழுகாது.

மண் மாற்றும் காலம் பற்றி ஜப்பானியப் புத்தகங்கள் வசந்தகாலம் என்று எழுதும். வசந்தமில்லாத நமக்கு, மரம் புதுத்தளிர் விடும் தறுவாயில், பெருமழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகச் செய்வது உசிதம். மாசி மாதம் பெரும்பாலான அத்தி இனங்களுக்குப் பொருந்தும். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சாடியிலிருந்து மரத்தை எடுத்து, வேரை மூன்றிலொரு பங்கு வரை கத்தரித்து, புதுக்கலவையிலே நட்டபின், வேருக்கு இடையிலே வெற்றிடம் விழாதபடி மூங்கிற் குச்சியால் சல்லியை மெல்லக் குத்தி இறக்கி, இரண்டு மூன்று வாரம் நிழலிலே, காற்று மோதாத இடத்திலே வைத்தல் வேண்டும். எடுத்த பழைய கலவையை எறியத் தேவையில்லை. தும்பும் கரியும் உதிர்ந்து போயிருக்கும், ஓட்டுச் சல்லியோ அப்படியே இருக்கும். அதைச் சலித்து, கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலிலே காயவைத்துவிட்டால் மறுபடியும் பயன்படும்.

கன்றும் சாடியும் வாங்குவதற்குப் பத்தரமுல்லைத் தியத்த உயனவின் செடிக்கடைகளுக்குப் போங்கள். ஆனால் மண்ணுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய வீடுகள் இடிபட்டுத் தொடர்மாடிகள் எழாத ஒழுங்கை அரிதாகிவிட்டது. நன்றாக வெந்து, பல ஆண்டு மழையிலே கழுவப்பட்டு உப்பெல்லாம் நீங்கிய அவ்வோடுகள், உடைந்தவை என்று கழிக்கப்பட்டு லொறிகளிலே ஏறிக் குப்பைமேட்டுக்குப் போகின்றன. உங்கள் ஒழுங்கையிலே ஒரு கூரை இறங்குவதைக் கண்டால், வேலை மேற்பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, சீமெந்து படாத ஓடாகப் பார்த்து, இரண்டு சாக்கு எடுத்துவையுங்கள். ஒரு வீட்டின் மரங்கள் அத்தனைக்கும் அது பல ஆண்டுகளுக்குப் போதும்.